தோற்ற அணிக்கும் ஓர் ஆட்டம்

(நாமக்கல்லில் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் கபடிப் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக் கபடியின் வளர்ச்சி பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். வளர்ச்சியைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இன்று பேச நினைப்பது போட்டி நடத்தும் முறையைப் பற்றி. குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கிற நம் பள்ளிப் போட்டிகளில், முதல் படியிலேயே பாதிப் பிள்ளைகளை ஒரே ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். குறுவட்டப் போட்டிக்கு 16 அணிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நாக் அவுட் முறை. மொத்தம் 15 ஆட்டம் முடிந்தால் கோப்பை யாருக்கு என்று தெரிந்துவிடும். நமக்கு வேலை சுலபம். ஆனால் முதல் சுற்றிலேயே 8 அணிகள் வெளியே. அணிக்கு 12 பேர் என்றால் 96 பிள்ளைகள். அந்த 96 பேரில் களத்தில் இறங்குவது அணிக்கு 7 பேர்தான். மீதி ஐந்து பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கைதட்டிவிட்டு, சீருடையில் மண்கூடப் படாமல் பஸ் ஏறுகிறார்கள். அப்படி 40 பிள்ளைகள்.

ஆடியவர்களாவது நிறைய ஆடினார்களா? விதிப் புத்தகத்தில் பெண்களுக்கும் சப்-ஜூனியர் பிள்ளைகளுக்கும் பாதிக்கு 15 நிமிடம், ஆண்களுக்கு 20 நிமிடம். நம் மைதானங்களில் காலை பதினொரு மணிக்கே, "நேரம் இல்லைங்க, பத்து பத்து வெச்சுக்கலாம்" என்று முடிவாகிவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு ரெய்டு என்றால் 20 நிமிடத்தில் 40 ரெய்டு, ஒரு பக்கத்துக்கு 20. அதை மூன்று ரெய்டர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆறு, ஏழு. ஜூன் மாதத்திலிருந்து தினமும் காலையிலும் மாலையிலும் மண்ணில் விழுந்து எழுந்த பையனுக்கு, அந்த வருடத்துக்கு நாம் கொடுக்கிறது ஆறு ரெய்டு.

கொல்லிமலையிலிருந்து வருகிற அணியை நினைத்துப் பாருங்கள். செம்மேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிறார்கள். பாதிப் பேர் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்திருப்பார்கள். வந்து சேர்ந்ததும் பெயர் கொடுத்து, எடை பார்த்து, வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, 20 நிமிடம் ஆடித் தோற்று, அதே 70 வளைவும் ஏறிப் போகிறார்கள். போகும்போது கூட வந்த ஆசிரியரிடம் ஒரு பிள்ளை கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்: "இன்னொரு மேட்ச் இல்லைங்களா சார்?" தோற்றதற்காக அந்தப் பிள்ளை அழவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்றுதான் கேட்டது.

தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு என்றால் சிலர் அதை இரக்கம் என்று நினைக்கிறார்கள். அது நியாயம் என்பதற்கு இன்னோர் ஆட்டத்தைக் காட்டுகிறேன். கபடிக்கு மிக நெருங்கிய உறவு மல்யுத்தம். நம் சேலம், நாமக்கல் பள்ளிகளில் மல்யுத்தம் அரிது. உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கபடிதான். ஆனால் மல்யுத்தக்காரர்கள் போட்டி நடத்துவதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்களிடம் ரெப்பசாஜ் என்று ஒரு முறை உண்டு. இறுதிக்கு வந்தவரிடம் இடையில் தோற்றவர்கள் எல்லாரும் மறுபடி களம் இறங்கி வெண்கலத்துக்குப் போராடலாம். சீட்டுக் குலுக்கலில் முதல் சுற்றிலேயே பெரிய ஆளிடம் மாட்டிக்கொண்டது ஒருவனுடைய குற்றமா? இல்லை என்று அந்த ஆட்டத்தின் விதியே ஒப்புக்கொள்கிறது.

அந்த விதி இல்லாவிட்டால் இந்திய மல்யுத்தத்தின் கதையே வேறு. 1952-இல் ஹெல்சிங்கியில் கே.டி. ஜாதவ் வெண்கலம் வாங்கினார். அதன் பிறகு 56 வருடம் நம் நாட்டுக்கு ஒலிம்பிக் மல்யுத்தத்தில் ஒரு பதக்கமும் இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் சுஷில் குமார் அந்தப் பஞ்சத்தைத் தீர்த்தார். அவர் தன் முதல் ஆட்டத்திலேயே உக்ரைன் வீரர் ஸ்டாட்னிக்கிடம் தோற்றவர். ஸ்டாட்னிக் இறுதிக்குப் போனதால் இவருக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. அடுத்தடுத்து மூன்று பேரை வென்றார். 2012 லண்டனில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வாங்கியதும் இதே வழியில். 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் காலிறுதியில் தோற்று, மறுவாய்ப்பில் வந்து, வெண்கல ஆட்டத்தில் 0-5 என்று பின்தங்கி, கடைசியில் 8-5 என்று வென்றார். நம் குறுவட்ட முறையில் இந்த மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "சார், நேரம் எங்கே?" நியாயமான கேள்வி. ஒரே நாளில் மூன்று வயதுப் பிரிவு, ஆண் பெண் இரு பாலர், கபடியோடு கோ-கோ, வாலிபால் எல்லாம் முடிக்க வேண்டும். நானும் நடத்தியவன், எனக்குத் தெரியும். அதனால் லீக் கேட்கவில்லை. 16 அணியை நான்கு குழுவாகப் பிரித்து லீக் வைத்தால் குழு ஆட்டமே 24 ஆகிவிடும். ஒரு நாளுக்கு அது தாங்காது. நான் கேட்பது குறைவு. முதல் சுற்றில் தோற்ற எட்டு அணிகளைத் தங்களுக்குள் ஒரே ஒரு முறை ஆடவிடுங்கள். கூடுதலாக நான்கு ஆட்டம். பதினைந்து பத்தொன்பது ஆகும். பத்து பத்து நிமிடம், இடைவேளை, அணி மாறுகிற நேரம் எல்லாம் சேர்த்தால் ஆட்டத்துக்கு அரை மணி. இரண்டு களம் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் நான்கும் முடிந்துவிடும்.

ஒரு மணி நேரம். அதற்குள் எட்டு அணிகள் இரண்டாவது முறை களம் காண்கின்றன. இந்தக் கூடுதல் ஆட்டத்துக்கு இன்னொரு நிபந்தனையும் வைக்கலாம்: முதல் ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் இதில் ஒரு பாதியாவது ஆட வேண்டும். அப்போது முதல் சுற்றில் தோற்ற அணிகளின் பிள்ளைகளில் ஒருவர்கூட ஆடாமல் திரும்ப மாட்டார். துவக்க விழாவில் மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று நாம் செலவழிக்கிற நேரத்தைப் பாதியாக்கினால் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும் பகுதி கையில் வந்துவிடும்.

ஆட ஆடத்தான் ஆட்டம் வரும். கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜன் தோல் பந்தைத் தொடுவதற்கு முன் எத்தனை டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வீசியிருப்பார்! ஊர்ப் போட்டிகள் அவருக்கு ஆட்டத்தை அள்ளிக் கொடுத்தன. நம் ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கிற கபடியும் அப்படித்தான். விடிய விடிய விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். அங்கே ஒரு பையனுக்கு ஒரே இரவில் நான்கு ஆட்டம்கூடக் கிடைக்கும். பள்ளிக்கூடம் அதைவிடக் குறைவாகக் கொடுத்தால், பையன் ஊர் அணிக்குத்தான் ஓடுவான், பள்ளி அணிக்கு ஏன் வருவான்?

அடுத்தது சீட்டுக் குலுக்கல். போன வருடம் இறுதி ஆடிய இரண்டு அணிகளையும் இரண்டு பாதியில் போடுவதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. அதைக்கூடச் செய்யாமல் மொத்தச் சீட்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கினால், முதல் சுற்றிலேயே வலுவான இரண்டு அணிகள் மோதிக்கொண்டு ஒன்று வெளியேறும். 11 அணி வந்தால் ஐந்து அணிக்கு பை கிடைக்கும், அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும். அந்த பை யாருக்கு என்பது எல்லார் கண்ணுக்கும் எதிரே முடிவாக வேண்டும். முந்தின நாள் ஓர் அறைக்குள் எழுதி வைத்த தாளைக் காலையில் ஒட்டினால் சந்தேகம் வரத்தான் செய்யும். நடத்துகிற பள்ளி நேர்மையாகவே செய்திருக்கலாம். ஆனாலும் பிள்ளைகள் முன்னால் குலுக்கினால் அந்தப் பேச்சே எழாது.

நடுவர்கள் விஷயமும் இதேதான். குறுவட்டத்தில் நடுவராக நிற்பவரே இன்னொரு அணியின் பயிற்சியாளராகவும் இருக்கிறார். ஆள் பற்றாக்குறை, வேறு வழியில்லை. ஆனால் தன் பள்ளி ஆடும் ஆட்டத்தில் விசில் பிடிக்கக் கூடாது, தன் பள்ளி அடுத்து மோதப்போகிற அணிகளின் ஆட்டத்திலும் பிடிக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளலாம். போனஸ் கோட்டைக் கால் தாண்டியதா, லாபிக்குள் போவதற்கு முன் தொட்டாரா என்பதெல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துத் தீர்ப்புகள். நல்ல மனதுள்ள நடுவருக்கும் அங்கே தன் பிள்ளைகளின் முகம் குறுக்கே வரும்.

இப்போது நான் அதிகம் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன். எடை.

சப்-ஜூனியர் கபடிக்கு 55 கிலோ எல்லை. ஊர்ப் போட்டிச் சுவரொட்டிகளிலும் 55 கிலோ, 60 கிலோ என்று போட்டுத்தான் அழைக்கிறார்கள். சின்ன உடம்பைப் பெரிய உடம்பு நசுக்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி அது. அதை நாம் என்ன ஆக்கி வைத்திருக்கிறோம்? 58 கிலோ பையனை மூன்று நாளில் 55-க்குக் கொண்டுவருவது பயிற்சியாளரின் திறமை என்று ஆக்கிவிட்டோம்.

இராசிபுரம் பக்கம் ஒரு மைதானம். காலை ஆறரை மணி. எடை பார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பையன் இரண்டு பனியன், அதற்கு மேல் மழைக் கோட்டு போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். மழையே இல்லை. ஓடுகிற இடமெல்லாம் எச்சில் துப்பிக்கொண்டே போகிறான். உதடு வெடித்து வெள்ளையாக இருக்கிறது. நிறுத்திக் கேட்டேன்: "சாப்பிட்டியா கண்ணு?"

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதுங்க சார்."

"தண்ணி?"

"வெயிட் போட்டுட்டுக் குடிச்சுக்கறேனுங்க சார்."

கோட்டைக் கழற்றி, கால்சட்டையோடு எந்திரத்தில் ஏறினான். 55-க்கு இறங்கிவிட்டான். அவன் அணிப் பையன்கள் கைதட்டினார்கள். அவன் நேராகக் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தான், நாலு இட்லியை விழுங்கினான். எட்டரை மணி ஆட்டத்தில் இரண்டாம் பாதியில் ரெய்டு போன இடத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தான். வயது பதினைந்து இருக்கும். விசைத்தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாதுங்க என்றான்.

பெற்றோர்களே, இதை உங்களிடம்தான் சொல்கிறேன். வளர்கிற உடம்பிலிருந்து தண்ணீரைப் பிழிந்து எடுத்து எடை குறைப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். ரப்பர் உடை, சூடான அறை, தண்ணீர் கிடையாது, விடாமல் உடற்பயிற்சி. அதற்குப் பிறகுதான் அங்கே விழித்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளிகளில் 2006-07 முதல் விதி கடுமையானது. பருவத் தொடக்கத்திலேயே சிறுநீர்ச் சோதனை செய்து, உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு உடற்கொழுப்பை அளந்து, பையன்களுக்கு 7 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் என்ற அளவுக்குக் கீழே போகாத எடையை அந்தப் பிள்ளைக்குக் குறைந்தபட்ச எடையாக எழுதிவிடுகிறார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது.

நம் நாட்டிலும் எல்லாரும் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் 7, பாரிஸ் ஒலிம்பிக். முந்தின நாள் ஜப்பானின் சுசாகியை வீழ்த்திவிட்டு மல்யுத்த இறுதிக்கு வந்த வினேஷ் போகத், 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடிவிட்டார் என்று வெளியேற்றப்பட்டார். அவர் பக்கத்தில் மருத்துவர், உணவு நிபுணர் எல்லாரும் இருந்தார்கள். அவ்வளவு பேர் இருந்தும் உடம்பு கேட்கவில்லை. நம் பையனுக்குப் பக்கத்தில் இருப்பது மழைக் கோட்டும் நம் அதட்டலும்தான்.

இதற்கு வழி இருக்கிறது. பள்ளி திறந்த முதல் மாதத்தில், தலைமை ஆசிரியர் முன்னிலையில், பிள்ளைகளை எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். அந்த எடையிலிருந்து இத்தனைக்கு மேல் குறைத்து வந்தால் ஆட முடியாது என்று குறுவட்ட அளவில் பேசி முடிவு செய்யுங்கள். போட்டி நாளில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே எந்திரம், அதையும் முந்தின நாளே படிக்கல் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு பள்ளியின் எந்திரத்தில் 54.8 காட்டிய பையன் இன்னொன்றில் 55.3 காட்டி, அழுதுகொண்டே திரும்பிய காட்சி இந்த அவையில் உள்ள பலருக்குப் பழக்கம். மழைக் கோட்டோடு ஓடுகிற பிள்ளையைக் கண்டால், அந்த அணியின் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். 58 கிலோ பையன் 58 கிலோவிலேயே ஆடட்டும். அவனுக்கு மேல் பிரிவில் இடம் உண்டு.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாநிலத்துக்கே முட்டை அனுப்புகிற ஊர் நாமக்கல். அரசுப் பள்ளியில் மதியம் சத்துணவில் முட்டை கிடைக்கிற பிள்ளைக்கு, போட்டிக்கு வந்த நாளில் அதுவும் கிடைப்பதில்லை. பொட்டலச் சாப்பாடு வந்தால் உண்டு. வராவிட்டால் கடையில் இரண்டு போண்டா. இரண்டாவது ஆட்டத்தில் பிள்ளைகள் தளர்ந்து போவதற்குப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணமில்லை. கோழிப்பண்ணைக்காரர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒரு குறுவட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு இரண்டு வேகவைத்த முட்டை தர மாட்டேன் என்று சொல்லும் பண்ணைக்காரரை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை.

பெண் பிள்ளைகளின் ஆட்டத்தை எப்போதும் உச்சி வெயிலுக்கு ஒதுக்குகிறோம். பையன்கள் ஆட்டம் காலைக் குளிர்ச்சியில் முடிந்தபின் மிச்ச நேரம் அவர்களுக்கு. உடை மாற்ற ஒரு வகுப்பறை, தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கூட ஓர் ஆசிரியை: இந்த மூன்றும் தயாரான பிறகு போட்டித் தேதியை அறிவியுங்கள். ஒரு வருடம் பெண்கள் ஆட்டத்தைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பாருங்கள், அணிகளின் எண்ணிக்கை தானாகக் கூடும்.

பெரிய போட்டிகள் எல்லாம் மேட் விரிப்புக்குப் போய்விட்டன, நாம் மண்ணில் ஆடுகிறோம் என்ற குறையும் உண்டு. உண்மைதான். மண்ணில் பழகிய கால் மேட் விரிப்பில் பிடிபடாமல் சறுக்கும். கணுக்கால் பிடியில் முழங்கால் திருகிக்கொள்ளும். ஆனால் மேட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மண்ணையே ஒழுங்காகத் தயார் செய்யலாம். கல் பொறுக்கி, சலித்த செம்மண் போட்டு, முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்து வைத்தால் தோள்பட்டை எலும்பு முறிவுகள் பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம். முதலுதவிக்கு ஒரு செவிலியரும் பனிக்கட்டியும் மைதானத்திலேயே இருக்க வேண்டும். "108-க்குப் போன் போட்டுக்கலாம்" என்பது ஏற்பாடு ஆகாது.

நம் பகுதி மதிப்பெண்ணுக்குப் பெயர் போனது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு விட மாட்டோம் என்று சொல்கிற விடுதிப் பள்ளிகள் இங்கே நிறைய. அவர்களிடம் நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க வீணாகி, 20 நிமிடம் ஆடிவிட்டு வருகிற போட்டிக்கு எந்தத் தாளாளர் பிள்ளையை அனுப்புவார்? காலை எட்டு மணிக்கு உங்கள் ஆட்டம், பத்து மணிக்கு அடுத்தது, பன்னிரண்டுக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம் என்று நேரம் குறித்த அட்டவணையை முன்கூட்டியே கொடுத்துப் பாருங்கள். கதவு கொஞ்சமாவது திறக்கும்.

உடற்கல்வி ஆசிரியர்களின் சுமை எனக்குத் தெரியாததல்ல. ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒருவராக இருந்துகொண்டு, கோடு போடுவதிலிருந்து சான்றிதழ் எழுதுவது வரை நீங்களே செய்கிறீர்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கேட்கவில்லை. இந்த வருடம் இரண்டு மட்டும் செய்யுங்கள். முதல் மாதத்தில் எடை பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வரும் குறுவட்டத்தில், ஒரே ஒரு வயதுப் பிரிவிலாவது, முதல் சுற்றில் தோற்ற அணிகளுக்கு இன்னோர் ஆட்டம் கொடுங்கள். ஆள் போதாது என்றால் சொல்லி அனுப்புங்கள். ஓய்வுபெற்ற பயிற்சியாளர்கள் நாங்கள் இருக்கிறோம். விடிகாலையிலேயே வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுத் தருகிறோம், அந்த நான்கு ஆட்டத்துக்கும் விசில் பிடிக்கிறோம்.